ஒரு டன் மெசினும் சுழல் படிக்கட்டும்

மொன்றியலில் வீட்டில் வைத்து உலோகம் சீவ ஒரு சின்ன சிஎன்சி (கணினி ஓட்டும்) மில்லிங் மெசின் வாங்கப்போவதாக ஓர் இளைஞர் வாய் திறந்தால் போதும். கோட்-டே-நேஜில் நடக்கும் பிறந்தநாள் விருந்தானாலும் சரி, டொலார்-டே-ஓர்மோ முருகன் கோயில் அன்னதான வரிசையானாலும் சரி, தொழில் தெரிந்த அண்ணன்மார் யாராவது ஒருவர் கையமர்த்திவிடுவார். "தம்பி, சின்ன மெசின் எல்லாம் விளையாட்டுச் சாமான். வாங்கிறதெண்டால் ஒரு டன்னுக்குக் குறையாத மெசினா வாங்கு. இல்லாட்டில் சும்மா இரு."

இதைச் சொல்பவர்கள் விவரம் தெரியாதவர்கள் இல்லை. அதனால்தான் இந்தக் கருத்தை யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. ஆனால் இது தவறான கருத்து. ஆர்வமும் கைத்திறனும் உள்ள பலரை மெசின் பக்கமே போகவிடாமல் இது தடுக்கிறது. துணிந்து வாங்கியவர்களில் சிலரையோ, ஓட்ட முடியாத பழைய இரும்புக்குக் காவல் இருக்க வைக்கிறது.

முதலில் இந்தக் கருத்து எங்கிருந்து வந்தது என்று பார்க்கவேண்டும். மொன்றியல் விமானத் தொழில் நகரம். பிராட் அண்ட் விட்னி கனடா 1928 முதல் இங்கே இருக்கிறது. 1960-இல் முதன்முதலாக ஓட்டிப் பார்க்கப்பட்ட பிடி6 விமான எஞ்சின் லோங்கேய் நகரில் பிறந்தது. மிராபெலில் பெல் ஹெலிகாப்டர் தொழிற்சாலை இருக்கிறது. இவற்றுக்கு உதிரிப் பாகம் செய்து கொடுக்கும் பட்டறைகள் சான்-லோரானிலும் தென்கரையிலும் உண்டு. பிரெஞ்சில் 'யூசினாஜ்' என்று சொல்லும் இந்தத் தொழிலை, அகதியாக வந்து இரவு ஷிஃப்டில் நின்று கற்றுக்கொண்ட தமிழர்கள் உண்டு. அவர்கள் பழகிய மெசின்கள் பல டன் எடை. அவர்கள் சீவிய உலோகம் டைட்டானியம், நிக்கல் கலப்பு உலோகம். அங்கே மெசினின் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் விலை உண்டு. ஒரு பாகத்தில் ஒரு நிமிடம் மிச்சம் பிடித்தால் ஆயிரம் பாகத்தில் ஆயிரம் நிமிடம். வேகமாகவும் ஆழமாகவும் சீவவேண்டும் என்றால் எடை வேண்டும். மறுப்பே இல்லை.

வீட்டில் அந்தக் கடிகாரம் ஓடுவதில்லை. வீட்டில் செய்யப்படுவது என்ன? சைக்கிளின் கியர் தொங்கும் சின்னத் துண்டு, தொலைநோக்கியைத் தாங்கும் வளையம், பனி தள்ளும் மெசினில் உடைந்துபோன நெம்புகோல், தையல் மெசினுக்கு இப்போது கடையில் கிடைக்காத ஒரு பிடி. பெரும்பாலும் உள்ளங்கைக்குள் அடங்குபவை. பெரும்பாலும் அலுமினியம், சில சமயம் சாதாரண இரும்பு. ஒன்று போதும், மிஞ்சினால் நான்கு.

இந்த வேலைக்கு எவ்வளவு சக்தி வேண்டும் என்று ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்பவர்கள் குறைவு. 6 மி.மீ. விட்டமுள்ள, மூன்று வெட்டு விளிம்புகள் கொண்ட கார்பைடு எண்ட் மில் கத்தியை எடுத்துக்கொள்வோம். கத்தியைச் சுழற்றும் ஸ்பிண்டில் நிமிடத்துக்கு 10,000 சுற்று. ஒவ்வொரு விளிம்பும் 0.03 மி.மீ. கடித்தால் மேசை நிமிடத்துக்கு 900 மி.மீ. நகரும். கீழ்நோக்கி 6 மி.மீ. ஆழம், பக்கவாட்டில் 0.6 மி.மீ. அகலம். அப்படியானால் நிமிடத்துக்குச் சுமார் 3.2 கன செ.மீ. அலுமினியம் சீவலாக வெளியேறும். ஒரு கன மி.மீ. அலுமினியத்தைச் சீவ ஏறத்தாழ 0.8 ஜூல் ஆற்றல் செலவாகும். கணக்குத் தீர்த்தால் வெட்டும் முனையில் தேவைப்படுவது 43 வாட். பழைய குண்டு பல்பு ஒன்று எரிய எடுத்த 60 வாட்டைவிடக் குறைவு. கத்தியின் மேல் விழும் சராசரி விசை ஒன்றரைக் கிலோ அரிசிப் பையின் பாரம்தான். விளிம்பு கடிக்கும் கணத்தில் அது நான்கைந்து மடங்கு ஏறும். அப்போதும் ஒரு பிள்ளையின் பள்ளிக்கூடப் பைக்கு மேல் போகாது.

"அலுமினியம் சரி, இரும்பு?" என்பது அடுத்த கேள்வி. அதே 6 மி.மீ. கார்பைடு, இம்முறை நான்கு விளிம்பு. சாதாரண இரும்புக்கு நிமிடத்துக்கு 100 மீட்டர் வெட்டு வேகம் என்று வைத்தால் 5,300 சுற்று. விளிம்புக்கு 0.02 மி.மீ., ஆழம் 5 மி.மீ., அகலம் 0.4 மி.மீ. நிமிடத்துக்கு 0.85 கன செ.மீ. இரும்பு கழியும். இரும்புக்கு ஆற்றல் மூன்று மடங்குக்கும் மேல் வேண்டும். இருந்தும் தேவை 40 வாட்டைத் தாண்டவில்லை.

60க்கு 40க்கு 20 மி.மீ. கட்டியில் பாதியைச் சீவித் தள்ளவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அலுமினியமானால் ஏழரை நிமிடம். இரும்பானால் ஏறத்தாழ அரை மணி நேரம். தொழிற்சாலை மெசின் இதைச் சில நொடிகளில் முடித்துவிடும் என்பது உண்மை. ஆனால் கட்டியை வைஸில் பிடிக்க, விளிம்பைத் தொட்டுச் சுழியம் வைக்க, கத்தியின் நீளம் அளக்க, திருப்பிப் பிடித்து மறுபக்கம் சீவ எந்த மெசினிலும் அதே நேரம்தான் ஆகும். ஒரே ஒரு பாகம் செய்பவருடைய மாலைப் பொழுதைத் தின்பது இந்த வேலைகள்தான்.

சின்ன மெசினில் சீவும்போது கிரீச்சென்று அலறல் வந்து, பாகத்தின் முகம் முழுக்க அலை அலையாகத் தடம் விழுவதைப் பார்த்தவர்கள் உடனே எடையைக் குறை சொல்வார்கள். பல சமயம் குற்றவாளி, கத்தியைப் பிடிக்கும் கவ்வியான கோலெட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கத்திதான். ஒரு முனையில் மட்டும் பிடிக்கப்பட்ட கம்பி எவ்வளவு வளையும் என்பது அதன் நீளத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. நீட்டம் இரண்டு மடங்கானால் வளைவு எட்டு மடங்கு. 6 மி.மீ. கார்பைடு கத்தியை 20 மி.மீ. வெளியே விட்டு 50 நியூட்டன் விசை கொடுத்தால் முனை ஏறத்தாழ 0.009 மி.மீ. விலகும். 40 மி.மீ. வெளியே விட்டால் 0.07 மி.மீ., அதாவது ஒரு தலைமுடித் தடிமன். இந்தக் கத்தி பத்து டன் மெசினில் இருந்தாலும் இப்படித்தான் வளையும். கார்பைடுக்குப் பதிலாக ஹைஸ்பீடு ஸ்டீல் கத்தி போட்டால் வளைவு இன்னும் மூன்று மடங்கு. வைஸின் தாடை ஆட்டம், கோலெட்டுக்குள் சிக்கிய ஒரு சீவல் துணுக்கு, விளிம்பு மழுங்கிய கத்தி என்று எடையோடு சம்பந்தமில்லாத காரணங்கள் இன்னும் உண்டு. இவற்றைச் சரிபார்க்காமல் மெசினைப் பழித்து விற்றுவிட்டுப் பெரியதை வாங்குபவர், அதே அலறலையும் சேர்த்து வாங்குகிறார்.

எடை பற்றிய பழைய விதி உருவான காலத்தில் மெசின் ஓட்டும் முறையே வேறு. 1952-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் எண்களால் இயங்கும் முதல் மில்லிங் மெசினைக் காட்டியபோது, ஒரு பெரிய சின்சினாட்டி ஹைட்ரோ-டெல் மெசினுக்குப் பக்கத்தில் நூற்றுக்கணக்கான வெற்றிடக் குழாய்களோடு கட்டுப்பாட்டு அலமாரி நின்றது. இன்று அந்த வேலையை ஒரு சீட்டுக்கட்டு அளவுப் பலகை செய்கிறது. அமெரிக்க அரசின் தரநிலை ஆய்வகத்தில் முளைத்த லினக்ஸ்-சிஎன்சி மென்பொருள் இலவசம். கத்தியின் பாரம் எந்த மூலையிலும் திடீரென்று கூடாமல் பாதை வகுக்கும் முறை, ஒரு காலத்தில் பெரிய கம்பெனிகளுக்கே கட்டுப்படியான மென்பொருளில் இருந்தது. ஆட்டோடெஸ்க் நிறுவனம் 2012-இல் அப்படியொரு மென்பொருளான எச்எஸ்எம்வொர்க்ஸை வாங்கிய பிறகு அது வீட்டுக் கணினிக்கும் வந்துவிட்டது. முழு ஆழத்தில் இறங்கி, மெல்லிய அகலத்தில் வேகமாகச் சீவும் இந்த முறைதான் மேலே போட்ட கணக்கைச் சாத்தியமாக்குகிறது. அகலமாகக் கடித்து மெதுவாக நகர்வது பழைய பழக்கம். அந்தப் பழக்கத்துக்கு எடை வேண்டியிருந்தது.

இனி வீட்டைப் பார்ப்போம். ஒரு டன் மெசின் வாங்கச் சொல்பவர்கள் பேசவே பேசாத பகுதி இது.

மொன்றியலின் பழைய வீடுகளுக்கு வெளியே வளைந்து ஏறும் இரும்புப் படிக்கட்டுகள் நகரத்தின் அடையாளம். உல்லாசப் பயணிகள் படம் எடுப்பார்கள். குளிர்சாதனப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறியவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். மேல்மாடிகளின் தரை மர உத்தரங்களின் மேல் கிடக்கிறது. பேஸ்மென்ட் இருக்கும் பழைய வீடுகளில் உயரமான ஆள் தலை குனிந்துதான் நடக்கவேண்டும். அண்ணன்மார் மிக விரும்பிச் சிபாரிசு செய்யும் பழைய பிரிட்ஜ்போர்ட் மெசின் 1938-இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் பிறந்த அருமையான வடிவம். அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் அதன் எடை ஏறத்தாழ ஒரு டன், உயரம் இரண்டு மீட்டருக்கு மேல். அது எந்தப் பேஸ்மென்ட் கதவு வழியாக, எத்தனை பேர் தோளில் இறங்கும்?

கராஜில் வைக்கலாம் என்பார்கள். சனவரியில் மைனஸ் 20 வரை போகும் கராஜில் வார்ப்பிரும்பு பனிக்கட்டிபோல் குளிர்ந்து கிடக்கும். ஒரு நாள் சூடேற்றியைப் போட்டால் ஈரம் முழுக்க அந்த இரும்பின் மேல் வியர்த்து, சில நாட்களில் மேசை செம்பட்டை பூக்கும். அளவும் மாறும். 100 மி.மீ. அலுமினியத் துண்டு 10 டிகிரி வித்தியாசத்தில் 0.023 மி.மீ. நீண்டு சுருங்கும். மனிதர் இருக்கும் வெப்பத்தில்தான் மெசினும் இருக்கவேண்டும். அதற்கு அது வீட்டுக்குள் நுழையக்கூடிய அளவில் இருக்கவேண்டும்.

மின்சாரம் இன்னொரு சிக்கல். தொழிற்சாலை மெசின்கள் மூன்று ஃபேஸ் மின்சாரம் கேட்கும். இந்த நகரத்து வீடுகளுக்கு வருவது ஒற்றை ஃபேஸ். மாற்றிக் கொடுக்கும் கருவி உண்டு, அதற்கும் செலவு, அதற்கும் தனி இணைப்பு. சுவரில் இருக்கும் 120 வோல்ட், 15 ஆம்பியர் செருகியில் 1,800 வாட் எடுக்கலாம். தொடர்ந்து ஓட்டுவதானால் 1,440-க்குள் நிற்கவேண்டும். முக்கால் குதிரைத்திறன் ஸ்பிண்டில் உள்ள மேசை மெசினுக்கு அது தாராளம். பழைய சிஎன்சி மெசின்களில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. இரும்பு இன்னும் ஐம்பது வருடம் உழைக்கும், அதை ஓட்டும் எண்பதுகளின் மின்னணுப் பலகை ஒரு நாள் இறந்துவிடும். அதற்கு மாற்றுப் பலகை தேடுவது தனிப் பிழைப்பு.

கோயம்புத்தூரைக் காட்டி வாதாடுபவர்களும் உண்டு. கணபதியிலும் பீளமேட்டிலும் சிங்காநல்லூரிலும் வீட்டின் முன்பகுதியிலேயே லேத் பட்டறை வைத்து, பம்பு, மோட்டார் கம்பெனிகளுக்கு ஜாப் ஆர்டர் செய்து குடும்பங்கள் பிழைத்தன, பிள்ளைகள் படித்தனர். அங்கே கனத்த மெசின்தானே வீட்டில் நின்றது என்பது வாதம். நின்றது உண்மை. ஆனால் அது தரைமட்டக் கான்கிரீட்டில், தெருவைப் பார்த்த அகலமான ஷட்டருக்குப் பின்னால், பட்டறைக்கென்று வாங்கிய மூன்று ஃபேஸ் இணைப்போடு நின்றது. மூன்றாம் மாடி வாடகை வீட்டில், கீழே பிரெஞ்சுக்காரப் பாட்டி தூங்கும் நேரத்தில் அல்ல. கோயம்புத்தூர்க்காரர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டியது வேறு: தன் இடத்துக்கும் தன் ஆர்டருக்கும் பொருந்திய மெசினை வாங்கினார்கள்.

பணக் கணக்கிலும் எடைக் கட்சி வழுக்குகிறது. "இதே காசுக்கு இதைவிட இரண்டு மடங்கு கனமானது கிடைக்குமே" என்று மெசினின் விலையை மட்டும் பார்ப்பார்கள். 6,000 டாலர் மெசினுக்குக் கியூபெக்கில் ஜிஎஸ்டி 5 சதவீதமும் கியூஎஸ்டி 9.975 சதவீதமும் சேர்ந்து 898 டாலர் 50 சென்ட் ஏறும். பிறகு லாரிக் கூலி. பிறகு நல்ல வைஸ், கோலெட்டுகள், கார்பைடு கத்திகள், டயல் கேஜ், மைக்ரோமீட்டர், விளிம்பு காட்டும் கருவி, சமன் துண்டுகள். கையிலிருக்கும் பணத்தில் பாதியை இவற்றுக்கு ஒதுக்காதவர் வாங்கிய மெசின், கத்தியில்லாமல் மூலையில் நிற்கும். எடை குறைவென்று வேலை நின்றுவிடாது. கலிஃபோர்னியாவின் ஷெர்லைன் நிறுவனம் செய்யும் மேசை மில்லிங் மெசின் 20 கிலோகூட இல்லை. அதுபோன்ற சின்ன மெசின்களில் உண்மையாக ஓடும் மினியேச்சர் எஞ்சின்களைச் செய்தவர்களின் வேலையை, அதே மாநிலத்துக் கார்ல்ஸ்பாட் நகரில் அந்நிறுவனத்தின் ஜோ மார்ட்டின் நிறுவிய அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைத்தார்கள்.

இதைச் சொன்னதும் எதிர்முனைக்கு ஓடிவிடக் கூடாது. 3018 என்ற பெயரில் முந்நூறு நானூறு டாலருக்குப் பெட்டியில் வரும் சட்டகம், மரத்திலும் பிளாஸ்டிக்கிலும் எழுத்துச் செதுக்க நல்லது. அதன் பிளாஸ்டிக் மூட்டுகளையும் மெல்லிய தண்டுகளையும் கையால் தள்ளினாலே அசைவது கண்ணுக்குத் தெரியும். அதில் உலோகம் சீவலாம் என்று விற்பவர் ஏமாற்றுகிறார். எடைக்கு ஒரு கீழெல்லை உண்டு. 50, 60 கிலோவில் வரும் ஷாங்காய் எக்ஸ்2 வகை மெசினைச் சிஎன்சியாக மாற்றி, தூணின் உட்குழிவில் எபாக்ஸியும் கருங்கல் துகளும் நிரப்பி அதிர்வை அடக்கி ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். கட்டிய மெசினே வேண்டுமானால், 2015-இல் டோர்மாக் நிறுவனம் வெளியிட்ட 440 வகை ஓர் அளவுகோல். எடை சுமார் 200 கிலோ, ஓட்டம் 254க்கு 159 மி.மீ., ஸ்பிண்டில் 10,000 சுற்று, சாதாரண வீட்டுச் செருகி போதும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் வீட்டுக்காரர் தேடவேண்டும். டைட்டானியத்தில் ஆழக் குழி தோண்டவேண்டும், இருபது மி.மீ. மரை போடவேண்டும் என்றால் இவை போதாது. அந்த வேலை வரும்போது சான்-லோரானில் பட்டறைகள் இருக்கின்றன.

தேடும்போது எடைப் பலகையைவிட முக்கியமாகப் பார்க்கவேண்டியவை உண்டு. நகர்வுத் திருகு பால் ஸ்குரூவா (குண்டுகள் உருளும் திருகு), சாதாரணத் திருகா? சாதாரணத் திருகில் முன்னும் பின்னும் திரும்பும்போது விழும் ஆட்டம் வட்டத்தை முட்டையாக்கும். ஸ்பிண்டில் 2,500 சுற்றோடு நின்றுவிடுகிறதா? அப்படியானால் 6 மி.மீ. கார்பைடின் திறனில் கால்வாசிதான் கிடைக்கும். கோலெட்டில் பிடித்த கத்தி சுற்றும்போது டயல் கேஜ் முள் 0.01 மி.மீ.-க்குள் நிற்கிறதா? மின் பாகங்களில் சிஎஸ்ஏ போன்ற கனடிய அங்கீகார முத்திரை இருக்கிறதா? தீ விபத்து நடந்தால் காப்புறுதிக்காரர் அதையும் தேடக்கூடும்.

வாங்கவே வேண்டாம், பொதுப் பட்டறைக்குப் போகலாமே என்றும் சிலர் சொல்வார்கள். 2011-இல் மொன்றியலில் தொடங்கிய எக்கோஃபாப் கனடாவின் முதல் ஃபேப் லாப். இப்படிப்பட்ட இடங்கள் ஆரம்பப் பாடத்துக்கு மிக நல்லவை. ஆனால் பாதி சீவிய பாகத்தை வைஸிலேயே விட்டுவிட்டுப் போய், பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு வந்து மீதியைத் தொடர வீட்டு மெசினில்தான் முடியும்.

என்ன செய்யலாம் என்பதற்கு ஒரு சின்ன உதாரணம், முறுக்கு அச்சு. ஊரிலிருந்து கொண்டுவந்த உரலின் தட்டு தேய்ந்துவிட்டது, கடையில் கிடைக்கும் தட்டு அந்த உரலுக்குள் இறங்கவில்லை. இங்கே உலோகத்தைத் தேர்வதிலேயே கவனம் வேண்டும். சீவ மிக இலகுவானது என்று பட்டறைகளில் புழங்கும் பித்தளையில் 3 சதவீதம் வரை ஈயம் இருக்கும். மாவு படும் இடத்துக்கு அது ஆகாது. 6061 அலுமினியத்தில் 3 மி.மீ. தகடு எடுக்கவேண்டும். மெல்லிய வட்டத்தை வைஸ் தாடையில் நேராகப் பிடித்தால் நெளிந்துவிடும். அதனால் தாடைக்கே அலுமினியத் துண்டுகள் பூட்டி, அதே மெசினால் அவற்றில் 2 மி.மீ. ஆழத்துக்கு வட்டப் பள்ளம் சீவி, தகட்டை அதில் உட்காரவைப்பார்கள். நட்சத்திரத் துளைக்கு 2 மி.மீ. கத்தி, மூலைகள் கூராக வேண்டுமானால் கடைசிச் சுற்றுக்கு 1 மி.மீ. கத்தி. தட்டின் வெளிவிட்டம் உரலின் உள்விட்டத்தைவிட 0.2 மி.மீ. குறைவு. கீழ்ப்பக்கத்தில் விடும் பிசிறை விரல் நகத்தில் தட்டுப்படாத அளவுக்கு எடுக்கவேண்டும், இல்லாவிட்டால் முறுக்கின் முள் பிய்ந்து வரும். இந்த வேலை முழுவதிலும் 50 வாட்டுக்கு மேல் கேட்ட கணம் ஒன்றும் இல்லை.

மொன்றியல் நகரத்தில் பாதிக்கு மேற்பட்ட குடும்பங்கள் வாடகை வீட்டில் வாழ்கின்றன. ஜூன் 30-இல் ஒப்பந்தங்கள் முடிந்து, ஜூலை 1 அன்று நகரமே வீடு மாறும். அன்று காலை ஒரு மேசை மெசினின் தூணை அடிப்பாகத்தோடு இணைக்கும் போல்ட்களைக் கழற்றி, ஸ்பிண்டில் தலையைத் தனியாக எடுத்து, பழைய கம்பளியில் சுற்றி, இரண்டு பேர் படிப்படியாக இறக்கி வாடகை வானில் ஏற்றிவிடலாம். புதிய வீட்டில் தூணைத் திரும்பப் பூட்டியதும் ஸ்பிண்டிலில் டயல் கேஜைக் கட்டி மேசையின் மேல் ஒரு சுற்றுச் சுற்றுவார்கள். முன்பக்கம் முள் ஏறினால் தூணின் அடியில் ஒரு மெல்லிய தகட்டுத் துணுக்கைச் செருகி, மறுபடி இறுக்கி, மறுபடி சுற்றவேண்டும். முள் 0.02 மி.மீ.-க்குள் நின்றதும் வைஸைப் பூட்டலாம். இருட்டுவதற்குள் முதல் சீவல் விழுந்துவிடும்.